பூட்டிய அறையில் ஈரச் சுண்ணாம்பு

கேள்வி: நானும் கணவரும் பதினான்கு மாதங்களுக்கு முன் திருகோணமலை உவர்மலையில் ஒரு பழைய நாற்சார் வீட்டை வாங்கினோம். வடக்குப் பக்க அறையைப் பூட்டியபடியே தந்தார்கள். "பெரியம்மாவின் சாமான்கள் இருக்கின்றன. அவர் காலமாகிவிட்டார். பிறகு வந்து எடுக்கிறோம்" என்றார் விற்றவர். யாரும் வரவில்லை. மழை தொடங்கியதிலிருந்து விடியப்புறம் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது. காலையில் குசினி அடுப்பில் கை வைத்தால் சாம்பல் சுடுகிறது. ஒருநாள் இரவு யன்னல் இடுக்கால் டோர்ச் அடித்துப் பார்த்தோம். கட்டிலின் மேல் வெற்றிலைத் தட்டம், அதில் சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. சாந்தி செய்தும் பயனில்லை. வரும் வெள்ளிக்கிழமை கதவை உடைக்கப் போவதாகக் கணவர் நிற்கிறார். பேய் வீடு என்று சொல்லி விற்பனையை ரத்துச் செய்ய முடியுமா? காணி உறுதிகளின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். வாங்கும்போது பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டாம் என்று நொத்தாரிசிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பதில்: முதலில் கணவரைத் தடுத்து நிறுத்துங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

பேயைக் காட்டி வழக்கு வென்றவர்கள் இல்லாமல் இல்லை. 1991இல் நியூயோர்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஒரு வீடு சட்டப்படி பேய் வீடுதான் என்று சொல்லி, வாங்கியவர் பக்கம் நின்றது. விற்றவரே அந்த வீட்டுப் பேய்க் கதைகளைப் பத்திரிகையில் பரப்பியிருந்தார் என்பதுதான் அங்கே காரணம். இங்கே காணி விற்பனைக்கு ரோமன் டச்சுச் சட்டம். மறைந்திருந்த குறைபாடு வீட்டின் பயன்பாட்டையே கெடுப்பதாக இருக்க வேண்டும், அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். கப்பிச் சத்தத்தை எந்த மாவட்ட நீதிபதியிடம் நிரூபிக்கப் போகிறீர்கள்?

ஆனால் நீங்கள் அனுப்பிய பிரதிகளில் உங்கள் உறுதியை விட அதற்கு முந்திய நன்கொடை உறுதிதான் எனக்குச் சுவையாக இருந்தது. விற்றவருக்குத் தாய் எழுதிக்கொடுத்தது அது. இரண்டாம் பக்கத்தின் அடியில், பிரதி மங்கிய இடத்தில், ஒரு வரி: தமது மூத்த சகோதரிக்கு "வடக்குப் பக்க அறையிலும் குசினியிலும் கிணற்றிலும்" சீவிய உரித்து, அதாவது உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கடிதத்தையும் அந்த வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் பயந்த இடங்கள் மூன்றும் அதில் இருக்கின்றன.

வந்து போவது இன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டிய அறையில் சுண்ணாம்பு ஒரு மாதம்கூட ஈரமாக இராது என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் அம்மம்மா வெற்றிலை போடுபவர்.

உங்கள் உறுதியில் அந்த வரியைக் காணவில்லை. "எவ்வித வில்லங்கமும் இல்லை" என்று மட்டும் இருக்கிறது. அதனால் அந்த உரித்து அழிந்துவிடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பதுபோல் நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, காணிப் பதிவகத்திலும் முன்னரே பதிந்திருந்தால், வாங்கியவரையும் அது கட்டும். பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டாம் என்று நொத்தாரிசிடம் எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க நம்மவர்கள் செய்யும் இந்த வேலையைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சீவிய உரித்து ஆளோடு போய்விடும், பிள்ளைகளுக்கு இறங்காது. ஆகவே எல்லாம் தங்கியிருப்பது ஒரு மரணச் சான்றிதழில். விற்றவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியையும் எடுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். கோணேசர் கோயில் இருக்கும் நம் சுவாமிமலையில் 1687 என்று பொறித்த தூணைக் காட்டி, காதலன் கப்பலேறிப் போனதும் ஒல்லாந்துப் பெண்ணொருத்தி கடலில் குதித்தாள் என்று இன்றும் சொல்கிறோம். அவள் பிறகு மணமுடித்து வாழ்ந்தாள் என்று பழைய ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் பெண்ணைக் கதையில் சாகடிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

சான்றிதழ் வந்தால் அறையைத் திறக்கலாம், கிராம உத்தியோகத்தரை வைத்துக்கொண்டு, சாமான்களைப் பட்டியலிட்டு. வராவிட்டால் கதவில் கை வைக்காதீர்கள், பூட்டையும் மாற்றாதீர்கள். வெளியேற்றப்பட்டவர் முறையிட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரும். முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் திரும்பக் குடியமர்த்தலாம். உங்கள் கணவர் கோடரியோடு போய், ஒரு வயோதிபப் பெண்ணுக்கு வழக்கை வென்று கொடுத்த கதையாகிவிடும்.

உங்கள் கோபம் போக வேண்டிய இடம் விற்றவர். வில்லங்கமில்லை என்று கையெழுத்திட்டவர் அவர்தான். நட்ட ஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போகலாம். எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் மீறிய நாளிலிருந்து 6 ஆண்டு அவகாசம். மோசடி முறைப்பாடு பற்றிப் பதிவேட்டுப் பிரதி கைக்கு வந்த பிறகு யோசிப்போம். அந்தப் பிரதி இல்லாமல் பொலிசுக்குப் போனால் பேய்க் கதை என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த முறை கப்பி சத்தம் போட்டால் டோர்ச்சை அணைத்துவிட்டு, விறாந்தையில் நின்றபடியே "பெரியம்மா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வந்தால் திகதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.