ஒரே இடத்தில் விழும் சிவப்புப் புள்ளி: சென்சாரை மாற்றச் சொன்னால் முதலில் இதைச் செய்யுங்கள்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா, வாங்கி நாலு வருடம் ஆகிறது. போன வாரம் மரைன் டிரைவில் முக்காலி வைத்து 20 விநாடி எக்ஸ்போஷரில் எடுத்த எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், ஒரு நீலப் புள்ளி. பகல் படங்களில் நீலம் மட்டும் லேசாகத் தெரிகிறது. சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள் ஒரு கடையில். அடுத்த மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: கேமராவைக் கழற்ற யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் சென்சாருக்கு, அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுக்கு, ஒன்றும் ஆகவில்லை. அதிலுள்ள இரண்டு கோடியே நாற்பது லட்சம் செல்களில் (இவைதான் பிக்சல்கள்) மூன்று மட்டும் கெட்டிருக்கின்றன. பெரும்பாலும் கேமராவே இதைச் சரிசெய்துகொள்ளும்.

எந்த சென்சாரும் நூற்றுக்கு நூறு பழுதில்லாமல் பிறப்பதில்லை. கெட்ட செல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஆலையிலேயே பட்டியல் எடுத்து, கேமராவின் நினைவகத்தில் பதிந்துவிடுகிறார்கள். அந்த இடங்களை, பக்கத்தில் இருக்கும் அதே நிறச் செல்களின் அளவை வைத்து கேமரா நிரப்பிக்கொள்ளும். பட்டியல் போட்ட பிறகு கெட்டுப்போனவைதான் உங்கள் கண்ணில் படுகின்றன. காலப்போக்கில் இப்படிச் சில சேர்வது இயல்பு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சுத் துகள்கள் சிலிக்கானைத் தாக்குவதும் இதற்கு ஒரு காரணம்.

கடைகளில் எல்லாவற்றுக்கும் 'டெட் பிக்சல்' என்றே பெயர். கோளாறைத் தப்பாகக் கணிப்பது அங்கேதான் தொடங்குகிறது. டெட் பிக்சல் என்றால் எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் கறுப்பாகவே இருப்பது. ஸ்டக் பிக்சல் என்பது இருட்டோ வெளிச்சமோ, எப்போதும் ஒரே பிரகாசத்தில் எரிந்துகொண்டிருப்பது. ஹாட் பிக்சல் சாதாரண ஷட்டர் வேகத்தில் ஒழுங்காக வேலை செய்யும். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தாலோ சென்சார் சூடேறினாலோ வெளிச்சமே படாமல் தானாக மின்னூட்டம் கசிந்து நிரம்பிவிடும். உங்கள் சிவப்பு இரண்டும் ஹாட் பிக்சல், நீலம் அநேகமாக ஸ்டக்.

இந்தக் கசிவு, சென்சாரின் வெப்பம் சுமார் 6 முதல் 8 டிகிரி கூடும்போதெல்லாம் இரண்டு மடங்காகும். ஜனவரி இரவில் 18 டிகிரி, மே மாத இரவில் 29 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கசிவு ஏறக்குறைய மூன்று மடங்கு. திரையைப் போட்டபடியே அரை மணி நேரம் காட்சியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தால் சென்சார் இன்னும் சூடாகும். ஜனவரியில் சுத்தமாக வந்த இடத்தில் மே மாதம் புள்ளி விழுகிறதென்றால் காரணம் இதுதான்.

எந்த வகை என்று வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ளலாம். கேமராவை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். லென்ஸ் மூடியைப் போடுங்கள். டிஎஸ்எல்ஆர் (சென்சாருக்கு முன்னால் பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் வியூஃபைண்டர் கண்ணாடியையும் மூட வேண்டும், அதன் வழியாகவும் வெளிச்சம் புகும். மேனுவல் மோடு, மேனுவல் ஃபோகஸ். ஆட்டோ ஃபோகஸில் விட்டால் இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமல் ஷட்டர் விழாமலே போகலாம். ராவும் (சென்சார் தரும் பதப்படுத்தாத கோப்பு) ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகட்டும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். இப்போது மூன்று படம்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-இல் 1/60 விநாடி, ஐஎஸ்ஓ 1600-இல் 1/60, ஐஎஸ்ஓ 800-இல் 20 விநாடி. முதல் படத்திலேயே புள்ளி எரிந்தால் ஸ்டக். மூன்றாவதில் மட்டும் வந்தால் ஹாட். மூன்றாவது படத்தை 100 சதவீதத்தில் பார்த்தால் மணல் தூவியது போலப் பொடிப்பொடியாக நிறையத் தெரியும். பயப்பட வேண்டாம், எந்தக் கேமராவிலும் அப்படித்தான். முழுப் படமாகப் பார்க்கும்போதே கண்ணைப் பறிப்பவற்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெட் பிக்சலுக்கு இதற்கு நேர்மாறான சோதனை. ஒரு வெள்ளைத் தாளை ஃபோகஸ் இல்லாமல், அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8-இல், ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கி எடுங்கள். வெள்ளை முழுக்க வெளுத்துப்போய்விடக் கூடாது. அதில் கூரான கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள்.

தூசியை டெட் பிக்சல் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். தூசி சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில்தான் ஒட்டும். அதனால் எஃப் 16, எஃப் 22-இல் வானத்தை எடுத்தால் ஓரம் கலங்கிய சாம்பல் வட்டமாகத் தெரியும், எஃப் 2.8-க்கு வந்தால் கரைந்துவிடும். கெட்ட பிக்சலுக்கு அப்பர்ச்சரைப் பற்றிக் கவலையே இல்லை. கேமராத் திரையில் மட்டும் பார்க்கிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி நகர்த்திப் பாருங்கள். படத்தோடு புள்ளியும் நகர்ந்தால் சென்சார், நகராமல் நின்றால் கோளாறு திரையில்.

உங்கள் நீலப் புள்ளியை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அது ஒற்றைச் சதுரமாக இருக்காது. நடுவில் அடர்ந்த நீலம், நாலு பக்கமும் வெளிறிய கைகள், கூட்டல் குறி மாதிரி. ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் உண்டு: பாதிச் செல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு செல்லுக்கு மற்ற இரண்டு நிறங்களும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுவதால், ஒரு செல் சொல்லும் பொய் சுற்றியுள்ளவற்றுக்கும் பரவிவிடுகிறது. ஜேபெக் சுருக்கம் அதை இன்னும் கொஞ்சம் தீற்றும்.

இனி வைத்தியம். இதற்குப் பெயர் பிக்சல் மேப்பிங். கெட்ட செல்களை கேமரா புதிதாகத் தேடிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஒலிம்பஸ், பென்டாக்ஸ் மெனுவில் இதே பெயரில் இருக்கும். பானாசோனிக்கில் பிக்சல் ரெஃப்ரெஷ். ஃபியூஜிஃபில்மின் புதிய மாடல்களிலும் நிக்கான் இசட் வரிசையில் பலவற்றிலும் உண்டு. நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர்களில் மெனுவில் கிடையாது, சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும். சோனியின் புதிய மாடல்களில் மெனுவிலேயே இருக்கிறது. பழையவற்றில் பல, மாதம் மாறிய பின் அணைக்கும்போது தாங்களாகவே செய்துகொள்ளும். அவசரமென்றால் தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்து, அணைத்துப் போட்டு, பிறகு தேதியைத் திருத்திக்கொள்வது சோனி வைத்திருப்பவர்களிடம் பழகிப்போன வழி. கேனானில் மூடியைப் போட்டு, சென்சார் கிளீனிங்கில் 'கிளீன் மேனுவலி'யைத் தேர்ந்தெடுத்து, ஒரு நிமிடம் விட்டு அணைப்பார்கள். பல மாடல்களில் இதற்குப் பலன் கிடைக்கிறது. எந்தக் கேமராவாக இருந்தாலும் பேட்டரி நிறைந்திருக்கட்டும், படம் எடுத்த சூட்டோடு செய்யாதீர்கள். முடிந்ததும் அதே மூன்றாவது சோதனைப் படத்தைத் திரும்ப எடுத்து அதே இடத்தைப் பாருங்கள். ஒன்று மிஞ்சியிருந்தால் ஓர் இரவு விட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ராவாக எடுப்பவர்களுக்குப் பாதிச் சிக்கல் இல்லை. லைட்ரூம் மென்பொருள் ராவைத் திறக்கும்போதே இத்தகைய புள்ளிகளில் பெரும்பாலானவற்றை அமைதியாக நீக்கிவிடும். இலவச மென்பொருளில் டார்க்டேபிளில் ஹாட் பிக்சல்ஸ் என்ற மாட்யூல் உண்டு, ராதெரபியிலும் அதற்கென ஒரு ஃபில்டர் இருக்கிறது. நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனும் உதவும். மூடிய ஷட்டரோடு அதே அளவு நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்துக் கழிப்பதுதான் அதன் வேலை, ஆகவே 20 விநாடிப் படத்துக்கு 40 விநாடி ஆகும். பாந்த்ரா கடல் பாலத்தை நிதானமாக எடுக்க நல்லது, வாணவேடிக்கைக்கு ஆகாது.

கல்யாணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1/125 விநாடியில் ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது சிவப்பு இரண்டும் தலைகாட்டாது. நீலம் மேப்பிங்குக்குப் பிறகும் நின்றால், 12-க்கு 36 அங்குல ஆல்பப் பக்கம் முழுக்க ஒரே படமாகப் பரப்பினாலும் ஒரு செல்லின் அகலம் 0.15 மில்லிமீட்டர்தான், பரவலோடு சேர்த்து அரை மில்லிமீட்டர். படத் திருத்த மென்பொருளின் ஹீல் பிரஷ்ஷால் ஒரு தட்டு போதும்.

ரிசப்ஷனில் டிஜே லேசர் வைத்தால் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள், உண்மையில் சென்சாரைக் கொல்வது அதுதான். லென்ஸுக்குள் நேராக நுழையும் லேசர் கதிரை லென்ஸே ஊசிமுனையாகக் குவித்து சென்சார் மேல் வைக்கிறது. செல்கள் கருகுவதோடு, அவற்றைப் படிக்கும் சுற்றும் எரிந்தால் படத்தின் குறுக்கே முழுநீளக் கோடு விழும். டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ (திரையில் நேரடிக் காட்சி) போடாதவரை, படம் விழும் கணம் தவிர, பிரதிபலிப்புக் கண்ணாடி தடுக்கும். உங்களுடையது மிரர்லெஸ், ஆன் செய்திருக்கும் நேரமெல்லாம் சென்சார் திறந்தே இருக்கும். லேசர் வரும் திசைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், கருவி ஃபிரேமுக்குள் வராமல் பாருங்கள், எடுக்காத நேரத்தில் மூடியைப் போட்டுவிடுங்கள்.

டிவி, மொபைல் திரைக்குச் சொல்லும் வைத்தியங்களை, அதாவது நிறம் மாற்றி மாற்றி மின்னும் வீடியோ, துணியால் அழுத்தித் தேய்ப்பது போன்றவற்றை, சென்சாரிடம் காட்டாதீர்கள். தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், அதற்கு மேப்பிங் கிடையாது. சென்சாரைச் சுத்தம் செய்வதாலும் கெட்ட பிக்சல் போகாது.

முழுக்கோடு விழுந்தாலோ, புள்ளிகள் கொத்தாகச் சேர்ந்திருந்தாலோ, இரண்டு மூன்று முறை மேப்பிங் செய்தும் நின்றாலோ கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கும் முதலில் கேட்க வேண்டியது 'பிக்சல் மேப்பிங்', சென்சார் மாற்றம் அல்ல. மூடி போட்டு எடுத்த மூன்று படங்களையும் கார்டில் கொண்டுபோனால் வாக்குவாதம் மிச்சம். போரா பஜாரில் பழைய கேமரா பார்க்கும்போதும் கடையில் நின்றபடியே இந்த மூன்று படங்களை எடுத்துவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது.