குசினி மாபிளுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

திருகோணமலையில் உங்கள் குசினி மேடையின் மாபிள் மங்கிவிட்டது, பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம். ஆனால் மங்கல் மட்டும்தான் குறை என்றால் மெருகேற்றிப் பாருங்கள். நல்ல கல்லை மூட எனக்கு மனம் வராது.

பளபளப்பின் மேல் நேரே அடித்த பெயின்ட், நகம் பட்டாலே தோலாக உரியும். எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்கார நீரால் போக்குங்கள். தேசிக்காயும் வினாகிரியும் வேண்டவே வேண்டாம்: மாபிள் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, அமிலம் அதை அரிக்கும். 220 இலக்க உப்புத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வழுவழுப்பான பரப்புக்குரிய பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் மெல்லியதாக இரண்டு பூச்சு எப்பொக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) பெயின்ட். மார்கழி மழை ஈரத்தில் தொடங்காதீர்கள். நம் ஊருக்கு ஆடி வெயிலே நல்லது. காய்ந்த பிறகும் சூடான சட்டியை அதன்மேல் நேரே வைக்க வேண்டாம்.