பினாங்கில் சொந்தமாகச் சிறு மரத்தோப்பு வாங்கினால், மரத்தை இஷ்டப்படி வெட்டலாமா?

பணி ஓய்வுக்குப் பிறகு பாலிக் பூலாவ் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ‘மலை நிலம்’. 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில அரசு அவ்வாறு அறிவித்த நிலம் அது. கெரான் எனப்படும் நில உரிமைப் பத்திரம் உங்கள் பெயரிலேயே இருந்தாலும், அங்கே மரம் வெட்டவும் புதரை அழிக்கவும் நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

காரணம் மண். சரிவைப் பிடித்து வைத்திருப்பது மரத்தின் வேர். வெட்டிய உடனே மண் சரிந்துவிடாது, அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அடிமரம் செத்து, வேர் மெல்ல மக்கி, பிறகு ஓர் அடைமழையில் மண் இறங்கிக் கீழே இருப்பவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். கொண்டோ வீடு நம்முடையதுதான். அதற்காக நடுத்தூணை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்க முடியுமா? அந்தத் தூண் மேல்வீட்டையும் தாங்குகிறதே!

வாங்குமுன் நில அலுவலகத்தில் கெரானின் நிபந்தனைகளைப் பாருங்கள். மழை விட்ட மறுநாள் உச்சிவரை நடந்தும் பாருங்கள். அறுபதில் ஏறும் சரிவை எழுபதிலும் ஏற வேண்டுமே.

சும்மா கிடக்கும் காட்டுக்கு வரி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மரம் காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் ஆண்டுதோறும் நில வரி உண்டு, கட்டாமலே விட்டால் அரசு நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம்.