படிப்பு முடிந்தது, அடுத்து? கால்நடை, வேளாண் பட்டதாரிகளின் கேள்விகள்

பட்டமளிப்பு விழா முடிந்த கையோடு வந்த கேள்விகள் இவை. நான் கால்நடை மருத்துவன். கிராமத்து மருந்தகங்களிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். பயிர் பற்றி வந்த கேள்விகளை, வேளாண்மை அலுவலராக இருந்த என் மனைவியிடம் கொடுத்தேன். அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன், திட்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

கேள்வி: பயிற்சிக் காலம் முழுக்கப் பக்கத்தில் பேராசிரியர் இருந்தார். இனிமேல் தனியாக ஒரு மாட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. என்ன நோய் என்று தெரியாவிட்டால் என்ன செய்வது? (நாமக்கல்லில் படித்தவர்)

பதில்: கை நடுங்கினால் பரவாயில்லை. நடுங்காத கையோடு நான் செய்ததைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, படுத்த பசு எழவில்லை என்று கூப்பிட்டார்கள். கலப்பினப் பசு, கன்று போட்டு நாலு நாள். காது சில்லென்று இருந்தது. கழுத்தைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டு கிடந்தது. கன்று போட்ட மாட்டுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால்சுரத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் படம் அப்படியே என் எதிரில் கிடந்தது. வேறு யோசனையே வரவில்லை. கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே, நரம்பில் மெதுவாக ஏற்றினேன். செய்முறையில் யாரும் குறை சொல்ல முடியாது.

அரை மணி நேரம் போனது. பால்சுர மாடாக இருந்தால் இதற்குள் ஏப்பம் விட்டு, சாணி போட்டு, எழுந்து நிற்கப் பார்க்கும். இதுவும் சாணி போட்டது. தண்ணீராக, புளித்த வாடையோடு. அப்போதுதான் திண்ணையில் இருந்த ஆத்தா வாயைத் திறந்தார்: "நேத்து ரெண்டு குண்டான் பொங்கச்சோறு தின்னுச்சுங்க. பிரியமா திங்குதேன்னு பேரன் இன்னும் கொஞ்சம் வச்சான்."

அவ்வளவு சோறு ஒரே நேரத்தில் பெருவயிற்றுக்குள் போனால் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிவிடும். வயிறு அசையாது, ரத்தத்திலும் அமிலம் ஏறும். காலையிலேயே சோடா உப்பும் சலைனும் கொடுத்து, தேவைப்பட்டால் பெருவயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுத்திருக்க வேண்டும். மதியம் பசு செத்துப்போனது. ஆத்தா அரை மணி நேரமாக அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எந்த மாட்டைத் தொடுவதற்கு முன்னாலும் "நேற்று என்ன தின்றது, யார் வைத்தார்கள்?" என்று கேட்பேன். வீட்டுத் தலைவரைக் கேட்டால் போதாது. தீவனம் வைப்பவர், பால் கறப்பவர் யாரோ அவரைக் கேளுங்கள். கேட்டும் புரியவில்லையா? "மூத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்" என்று மாட்டுக்காரர் எதிரிலேயே போன் போடுங்கள். அதனால் மரியாதை குறைந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒன்று: மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்யாமல் தனியாக ஊசியை எடுக்காதீர்கள். அது சட்டம்.

கேள்வி: விவசாயிகள் எல்லோரும் என் அப்பா வயதில் இருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்பார்களா? (பி.எஸ்சி. வேளாண்மை)

பதில்: இது மனைவியின் பதில். முதல் நாளே சொல்லப் போகாதீர்கள், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போங்கள். மண் பரிசோதனைக்கு என்று வரப்பு ஓரத்தில் ஒரு கை மண்ணை அள்ளிக் கேரி பேக்கில் போட்டுக் கொண்டுவருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு வயலுக்குப் போங்கள். எருக்குழி, மர நிழல், வரப்பு ஓரம் விட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்குள் அந்த நிலத்தின் கதை முழுவதையும் அவரே சொல்லி முடித்திருப்பார்.

கஷ்டமான இடம் வேறு. மருந்து அடியுங்கள் என்றால் கேட்டுக்கொள்வார்கள். அடிக்காதீர்கள் என்றால்தான் முகம் மாறும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, ஓலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்து கறுத்துப்போனதைப் பார்த்துப் பதறாதவர் இல்லை. ஆனால் ரசாயன மருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்று வளரும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது, ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவது, கறுப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சிய பசையைத் தெளிப்பது என்று சொன்னால், "இதுக்குத்தான் நாலு வருசம் படிச்சியா கண்ணு?" என்பார்கள். சிரித்துவிட்டு, ஓலையைத் திருப்பி, குளவி துளைத்து வெளியேறிய கூட்டுப்புழுவை லென்ஸில் அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். கறுப்பாக, மேலே ஒரு வட்ட ஓட்டையோடு இருக்கும்.

கேள்வி: பெண் டாக்டர் என்றதும் "கன்னு இழுக்கத் தெம்பு இருக்கா?" என்கிறார்கள். (ஒரத்தநாட்டில் படித்தவர்)

பதில்: இழுப்பதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. எப்போது இழுக்கக் கூடாது என்று சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையுறை போட்டு, வழுவழுப்புக்கு ஜெல் தாராளமாகத் தடவி உள்ளே விடுங்கள். அங்கே சின்னக் கை பெரிய வரம். முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். கன்றுக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய, விரலை அதன் வாயில் வைத்தால் சப்புகிறதா என்று பாருங்கள். தலை திரும்பியிருந்தால் முதலில் தள்ளி நேராக்க வேண்டும். மாடு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். அதுவும் இரண்டு மூன்று பேர் போதும்.

கேள்வி: ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரர், வேலைக்கு வரவே வேண்டாம், பட்டச் சான்றிதழை மட்டும் உரிமத்துக்குக் கொடுத்தால் மாதாமாதம் பணம் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. தப்பான மருந்தைக் கொடுத்து ஒருவர் தோட்டம் கருகினால், சுவரில் மாட்டியிருப்பது உங்கள் பெயர்.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இரண்டு வருடம் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: படியுங்கள். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது பால் சொசைட்டியிலோ ஒரு மருந்தகத்திலோ போய் நில்லுங்கள். கை மறந்துவிடும். சொந்தமாகத் தொடங்க எண்ணம் இருந்தால், 2002இல் வந்த வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. கால்நடைப் பட்டதாரிகளும் சேரலாம். 45 நாள் இலவசப் பயிற்சி. வங்கிக் கடன் வாங்கித் தொடங்கினால் திட்டச் செலவில் 36 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44. இது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத பதில். அரசு வேலை பார்த்த இரண்டு பேர் சொல்கிறோம் என்பதால் நம்பவும் கஷ்டம்.

கேள்வி: ஊசி போட்டால்தான் டாக்டர் என்கிறார்கள். எதையாவது போட்டுவிடலாமா?

பதில்: சத்து ஊசி என்று தொடங்கி ஆன்டிபயாட்டிக்கில் போய் முடியும். அந்தப் பால் எத்தனை நாளைக்குச் சொசைட்டிக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போட உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது. டைக்ளோஃபினாக் மாடுகளுக்கு 2006இலேயே தடை. அதைப் போட்டுச் செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. தமிழ்நாட்டில் மிஞ்சியவை நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான்.

கேள்வி: எங்கள் உடம்புக்கு என்று ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. மற்றவர்கள் கேட்கவில்லை. பசு கரகரத்த குரலில் கத்திக்கொண்டு, எச்சில் ஒழுக நிற்கும். "தொண்டையில் ஏதோ அடைச்சிருக்கு, கை விட்டுப் பாருங்க" என்பார்கள். வெறிநோய் மாடு அப்படித்தான் நிற்கும். வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியை வேலைக்குச் சேரும் முன்பே மூன்று தவணை போட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். கடி பட்டால் மறுபடியும் இரண்டு தவணை போட வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

நஞ்சுக்கொடி எடுக்கும்போது நீளக் கையுறை கட்டாயம், மாட்டைக் கன்று வீச வைக்கும் புருசெல்லா கிருமி அப்படித்தான் நம் உடம்பில் ஏறும். நாலு முதல் எட்டு மாதக் கிடேரிகளுக்குப் போடும் புருசெல்லா தடுப்பூசியும் உயிருள்ள கிருமிதான். ஊசி உங்கள் விரலில் குத்தினால் மறைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சாயங்காலமானால் காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரி வேர்வை என்று வாரக்கணக்கில் இழுத்தால், "நான் மாட்டு டாக்டர்" என்று டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

கேள்வி: முதல் சம்பளத்தில் என்ன வாங்கலாம்?

பதில்: தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் ஒன்று. மாடுகளுக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் பிரசவ வலி வரும், அந்த நேரம் பார்த்துத் தொழுவத்தில் கரண்ட் இருக்காது. மீதியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சாணிச் சட்டையைத் துவைக்கப் போவது அவர்தானே.