சொந்த நிலத்தில் கட்டண டிஸ்க் கோல்ஃப் மைதானம் போட்டால் கட்டுப்படியாகுமா?

பறக்கும் தட்டை (டிஸ்க்) எறிந்து, கம்பத்தில் மாட்டிய கூடையில் விழவைக்கும் ஆட்டம்தான் டிஸ்க் கோல்ஃப்; ஒரு எறிமேடையிலிருந்து அதன் கூடை வரை ஒரு 'ஹோல்'. கடன் வாங்கி நிலம் வாங்கி, ஆட வருபவர்கள் தரும் கட்டணத்திலேயே அந்தக் கடனை அடைப்பதுதான் திட்டம் என்றால், கட்டுப்படியாகாது. நிலம் ஏற்கெனவே கையில் இருந்து, அது வேறு வழியிலும் சம்பாதித்துக் கொடுத்தால் தாராளமாக இறங்கலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் மேப்பிள் ஹில்லில் தொழில்முறைப் போட்டிகள் நடக்கின்றன. அந்த மைதானமே கிறிஸ்துமஸ் மரப் பண்ணை ஒன்றில்தான் இருக்கிறது.

இந்த ஆட்டம் வளர்ந்ததே பொதுப் பூங்காக்களில். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் தொடங்கி, இன்றும் பெரும்பாலான மைதானங்களில் காசு கொடுக்காமல் ஆடலாம். அப்படியிருக்க உங்களிடம் ஒருவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கூட்டம் இருக்கக் கூடாது, ஒவ்வொரு ஹோலிலும் காத்திருக்கக் கூடாது, எறிந்த டிஸ்க் புதரில் தொலையக் கூடாது. இந்த மூன்றுக்குத்தான் பணம். செலவு செய்யும் ஒவ்வொரு முறையும் இதில் எதற்கு அது உதவுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விலைவாசி இடத்துக்கு இடம் மாறும் என்பதால், எல்லாச் செலவையும் 'இத்தனை நாள் கட்டணம்' என்று மாற்றிக் கணக்குப் போடுவது நல்லது. நாள் கட்டணம் என்றால் ஒருவர் ஒரு நாள் ஆடத் தரும் கட்டணம். 10 நிமிடத்துக்கு 4 பேர் கொண்ட ஒரு குழுவை விட்டால் மணிக்கு 24 பேர். இந்த எண்ணை நம்பித் திட்டம் போடாதீர்கள். வார நாள் பகலில் மைதானம் காலியாகத்தான் கிடக்கும். மாலையில் வேலை முடிந்து வருபவர்களுக்கு 18 ஹோலை முடிக்க இரண்டு, இரண்டரை மணி நேரம் வேண்டும். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமென்றால் அன்றைக்கு நான்கைந்து குழுக்களைத்தான் விட முடியும். மீதி எல்லாம் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் மழை பெய்தால் அந்த வார வசூல் போனதுதான்.

சீசன் பாஸில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 12 நாள் கட்டணத்துக்கு ஒரு பாஸ் விற்கிறீர்கள், வாங்கியவர் 60 முறை வருகிறார் என்றால், ஒரு ஆட்டத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது நாள் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காக பாஸே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது சீசனுக்கு முன்பே கைக்கு வரும் பணம். காப்பீடு, நிலவரி, புல்வெட்டும் இயந்திரத்தின் எரிபொருள், பழுதுச் செலவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். அந்தத் தொகை வரும்வரை பாஸ் விற்றுவிட்டு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விற்றால், ஞாயிறு காலையில் முழுக் கட்டணம் கொடுத்தவர் பாஸ்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். அவர் அடுத்த வாரம் இலவசப் பூங்காவுக்குப் போய்விடுவார்.

காப்பீட்டை அலட்சியமாக விடவே விடாதீர்கள். பொழுதுபோக்குக்காக நிலத்தை இலவசமாகத் திறந்துவிடும் உரிமையாளருக்கு அமெரிக்க மாநிலச் சட்டங்கள் விபத்துப் பொறுப்பிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தருகின்றன; கட்டணம் வாங்கத் தொடங்கினால் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விவசாய நிலத்துக்கான வரிச்சலுகையும் கூடவே போகலாம். எனவே காப்பீட்டாளர், நில வகைப்பாட்டைப் பார்க்கும் அலுவலகம் இரண்டிலும் எழுத்துபூர்வமாகப் பதில் வாங்கிய பிறகே முதல் மரத்தை வெட்டுங்கள்.

வசூலுக்கு ஆள் வைப்பதா, உண்டியல் வைப்பதா? ஒரு நாள் கூலி 15 நாள் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் மட்டும் வரும் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வைத்தால் நஷ்டம். உண்டியலும் க்யூஆர் பலகையும் போதும், இரண்டு மூன்று பேர் ஏமாற்றினாலும் பரவாயில்லை. வார இறுதியில் ஆள் கட்டாயம் வேண்டும். அவரே டிஸ்க்கும் குளிர்பானமும் விற்கலாம். டிஸ்க் சரக்கை மட்டும் வாங்கிக் குவிக்கக் கூடாது: ஒவ்வொரு மாடலும் பிளாஸ்டிக் வகை, எடை, நிறம் என்று கிளை பிரியும், முதல் முழுக்க அலமாரியிலேயே முடங்கிவிடும். பட்டர் (கூடைக்கு அருகிலிருந்து எறிவது), மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கு), ஓரிரண்டு டிரைவர் (நீண்ட தூரத்துக்கு), புதியவர்களுக்கு 150 கிராம் அளவில் சில லேசான டிஸ்க்குகள். தொடங்க இவ்வளவு போதும்.

கட்டுமானத்தில் நன்றாகச் செய்ய வேண்டியது எறிமேடை. 1.5 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம், 10 செ.மீ. கனம் என்றால் ஒரு மேடைக்கு அரை கன மீட்டருக்குச் சற்று மேல் கான்கிரீட், எடை கிட்டத்தட்ட 1.3 டன். லாரி நுழையாத காட்டுக்குள் அதைத் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். கூலி எகிறுவது இங்கேதான். மேற்பரப்பை வழவழப்பாக இழைக்காமல், இறுகுவதற்குள் துடைப்பத்தால் குறுக்கே வரி போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் வழுக்கும். முடிந்த பிறகு கவனிக்க வேண்டியது மேடையின் முன்விளிம்பு. எறிந்த வேகத்தில் எல்லோரும் அங்கேதான் கால் வைப்பார்கள். மண் அரித்து, சில மாதங்களில் ஒரு படி அளவுக்குப் பள்ளம் விழும், கணுக்கால் பிசகும். மேடைக்கு முன்னால் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஜல்லித்தூள் கொட்டி இடித்துச் சமன்செய்து, அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கூடையைச் சுற்றியும் இதே கதைதான். மண் இறுகிப் புல் செத்து வேர் வெளியே தெரியும். ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு மூன்று இடங்களில் குழாய் புதைத்து வைத்தால், கூடையை மாற்றி மாற்றி நடலாம். மண்ணுக்கு ஓய்வு கிடைக்கும், பாஸ்காரர்களுக்கும் ஆட்டம் புதிதாக இருக்கும்.

எங்கே மேடை, எங்கே கூடை என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் சீசன் முழுக்க மண் மேடை, எடுத்து மாற்றக்கூடிய கூடைகளை வைத்து, நன்றாக எறிபவர்களையும் புதியவர்களையும் கூப்பிட்டு ஆடவிடுங்கள். டிஸ்க் அடிக்கடி எங்கே தொலைகிறது, பக்கத்து ஹோலுக்குள் எது பறக்கிறது, எங்கே குழுக்கள் தேங்கி நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு, அவை சரியான பிறகு கான்கிரீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.