ஓசையும் உவமையும் அலங்காரமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கவிதை எழுதிப் பழகுகிறேன். எதுகை, மோனை, உவமை எல்லாம் மரபுக் கவிதையின் அலங்காரம், இன்று எழுதுபவருக்குத் தேவையில்லை என்கிறார்கள் நண்பர்கள். 'இரவு ஒரு கறுப்புப் போர்வை' என்ற என் வரியையும் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் கருத்து என்ன?

— வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

வரியில் குறை இருக்கிறது. நண்பர்கள் சொன்ன குறை அல்ல. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அலங்காரம் என்றால் கழற்றி வைத்தாலும் ஆள் அப்படியே இருக்க வேண்டும். கம்பனில் சூர்ப்பணகை அழகியாக உருமாறி வரும் பாட்டில் கழற்றிப் பாருங்கள்:

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

அடிதோறும் இரண்டாம் எழுத்து 'ஞ்'. பள்ளியில் படித்த எதுகைதான். ஆனால் அடிகளுக்கு உள்ளேயும் அதே ஓசை திரும்பத் திரும்ப வருகிறது. செம்பஞ்சு, தளிர், தாமரை, மயில் என்று மென்மையான பொருள்களோடு அந்த ஓசையை நம் காதுக்குப் பழக்கிவிடுகிறான் கம்பன். வஞ்சிக்கொடி வரைக்கும் எல்லாம் அழகு. அடுத்த உவமை நஞ்சு. ஓசை துளியும் மாறவில்லை. காது மயங்கிக் கிடக்கும்போதே விஷம் உள்ளே வந்துவிடுகிறது. இராமனிடம் அவள் செய்ய வந்த வேலையை ஓசை நம்மிடம் செய்து முடிக்கிறது. 'கொடி போல, விஷம் போல வந்தாள்' என்று உரைநடையில் சொன்னால் பொருள் கிடைக்கும், இந்த மயக்கம் கிடைக்காது.

உவமையைத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. வினை என்பது செயல், மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். நாம் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டிலேயே நின்றுவிடுகிறோம். குறுந்தொகையின் 'செம்புலப் பெயல்நீர்' வினையைப் பிடிக்கிறது: செம்மண்ணில் விழுந்த மழை மண்ணோடு கலக்கிறது, பிறகு பிரிக்க முடியாது; காதலர் நெஞ்சங்கள் கலந்ததும் அப்படித்தான். எழுதியவர் பெயர் தெரியாததால் அந்த உவமையே செம்புலப் பெயனீரார் என்று அவர் பெயராகிவிட்டது.

சரி, உங்கள் வரி. இரவும் போர்வையும் நிறத்தில் மட்டுமே ஒத்துப்போகின்றன. போர்வை என்ன செய்யும்? குளிருக்கு இதமாக இருக்கும், மறைக்கும், முகத்தை மூடினால் மூச்சு முட்டும். உங்கள் இரவு இதில் எதைச் செய்கிறது? மூச்சு முட்ட வைக்கிறது என்றால் 'கறுப்புப் போர்வை'யை விட்டுவிடாதீர்கள். 'ப்பு', 'ப்போ' என்று உதடுகள் அடுத்தடுத்து அழுந்த மூடுகின்றன. இதம்தான் வேண்டும் என்றால் அந்த வல்லோசை இடைஞ்சல், வேறு சொல் தேடுங்கள்.