டீகால் மினுமினுக்கிறதா? கோளாறு அதற்கு அடியில்

கேள்வி: 1:72 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம்) பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைச் செய்து முடித்தேன். ஏர்பிரஷ் (பெயின்டைத் தூவும் கருவி) கிடையாது, தூரிகைதான். பச்சையும் பழுப்பும் கோடுகோடாகத் தெரிகின்றன. டீகால்களை, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னப் படலங்களை, சுற்றி வெள்ளி போல மினுமினுப்பு. கேனபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) பனி மூடியது போல வெளுத்துவிட்டது. இதையெல்லாம் சரிசெய்ய முடியுமா, இல்லை அடுத்த கிட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமா? போர் விமானம் என்பதால் கீறலும் அழுக்கும் எவ்வளவு காட்டலாம்?

பதில்: டீகாலையும் கேனபியையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தூரிகைக் கோட்டை மட்டும் இந்த விமானத்தில் விட்டுவிடுங்கள். டீகால் ஒட்டிய பிறகு பெயின்டைத் தேய்க்கப் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

டீகாலிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் பேர் கேட்பது இதுதான். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன் பரப்பு முழுக்க நுண்ணிய மேடுபள்ளம். ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது மேட்டாகவே இருக்கிறது. டீகாலின் மெல்லிய படலம் மேடுகளின் தலையில் உட்கார்ந்துகொள்ள, பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்கிறது. அந்தக் காற்றில் பட்டு ஒளி திரும்புவதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளி. ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) எழுத்துகளை உற்றுப் பாருங்கள்: மை இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது, எழுத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் இருக்கும் வெறும் படலம்தான் மினுக்கும்.

மேலே இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை என்றால் வழி இருக்கிறது. மினுமினுக்கும் இடத்தில் மெல்லிய ஊசியால் நெருக்கமாகக் குத்துங்கள். டீகாலை மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகை நுனியால் தொட்டு வையுங்கள். அது துளை வழியாக இறங்கும். சிறிது நேரத்தில் படலம் சுருங்கி, எல்லாம் கெட்டுப்போனது போல இருக்கும். அப்போது கையை வைக்காதீர்கள். காயும்போது தானாகவே இழுத்துக்கொண்டு படிந்துவிடும். மிச்சம் இருந்தால் மறுநாள் இன்னொரு முறை. ஒரு எச்சரிக்கை: இந்தத் திரவங்களில் காட்டமானவை சில அக்ரிலிக் பெயின்ட்களைக் கரைத்துவிடும். முதலில் இறக்கையின் அடிப்புறம் ஒரு துளி வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கிட்டில் இந்த வேலையே வராது. பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அடித்து, அதன்மேல் டீகாலை ஒட்டுங்கள். அது காய்ந்ததும் மறுபடி கிளாஸ். பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் கோடுகள்) வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயின்ட், விடுவது அதற்குப் பிறகு. கிளாஸ் அக்ரிலிக் என்றால் எனாமல் வாஷ் பயன்படுத்துங்கள். அதன் தின்னர் காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது, வழிந்ததைத் துடைத்தெடுக்கலாம். கறுப்பு வாஷ் இந்தச் சின்ன அளவில் கட்டம் போட்ட நோட்டு மாதிரி ஆக்கிவிடும், கரும்பழுப்பு போதும். மேட் வார்னிஷ் எல்லாவற்றுக்கும் கடைசி.

கேனபி வெளுத்தது உள்பக்கமா வெளிப்பக்கமா? உள்ளே என்றால் சூப்பர் குளூவின் வேலை. அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெண்படலமாகப் படிகிறது. விரல் ரேகை பட்ட இடங்களில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். வெளியே என்றால், மூடாமல் மேட் வார்னிஷ் அடித்திருப்பீர்கள்.

உள்பக்கப் படலத்துக்குக் கேனபியைக் கழற்றியாக வேண்டும். ஓரத்தில் மெல்லிய கத்தி முனையை விட்டு, நெம்பாமல், சிறிது சிறிதாக விடுவியுங்கள். மிக நுண்ணிய பாலிஷால் தேய்த்துக் கழுவி, தெளிவான அக்ரிலிக் கிளாஸில் முக்கி எடுங்கள். ஓரத்தில் தேங்குவதை டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, தூசி படாமல் மூடி வைத்துக் காயவிடுங்கள். பாலிஷ் விட்ட நுண்கீறல்களை அந்தக் கிளாஸ் நிரப்பிவிடும். திரும்ப ஒட்டுவதற்கு மர வேலைக்கான வெள்ளைப் பசை. ஆவியும் கிடையாது, காய்ந்தால் நிறமும் கிடையாது. கேனபி தனித்தனித் துண்டுகளாக வந்திருந்தால் நகரும் பகுதியைப் பின்னுக்குத் தள்ளித் திறந்தே ஒட்டலாம். விமானிகள் பலர் விமானம் கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் அதைத் திறந்தே வைத்திருந்தார்கள், எனவே தவறாகாது.

தூரிகைக் கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். பாதி காய்ந்த பெயின்டின் மேல் திரும்பத் தடவினால் அது உரிந்து கோடாகும். ஆல்கஹால் கலந்த அக்ரிலிக் மிக வேகமாகக் காய்வதால் தூரிகைக்குச் சரிப்படாது, நீரில் கரையும் வகையை எடுங்கள். பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி, பிரைமர் (அடிப்பூச்சு) பூசி, தட்டைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. முதல் பூச்சு அசிங்கமாகத்தான் இருக்கும்.

ஏர்பிரஷ் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். உண்மையான விமானத்தில் பச்சையும் பழுப்பும் சேரும் விளிம்பு ஓர் அங்குலம் கலங்கியிருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 1:72 அளவில் அது 0.35 மில்லிமீட்டர்தான். கையால் போட்ட கூர்மையான விளிம்பு ஏர்பிரஷின் புகை விளிம்பை விட உண்மைக்கு நெருக்கம் என்பேன். ஆனால் பச்சை-பழுப்புத் திட்டுகளின் வடிவத்தைக் கவனியுங்கள். ஏ, பி என இரண்டு வடிவங்கள் உண்டு, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எந்த விமானத்தின் டீகாலை எடுக்கிறீர்களோ அதன் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடிப்புறமும் அப்படியே: 1940 ஜூனில்தான் அடிப்புறத்துக்கு ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சை வந்தது, அதற்கு முன் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை.

அழுக்கு விஷயத்தில் பலருக்கும் கை நீண்டுவிடுகிறது. 1940 கோடையில் பிரிட்டன் வானில் ஜெர்மன் விமானங்களோடு நடந்த சண்டையில் பல விமானங்கள் பழசாகும் முன்பே விழுந்துவிட்டன. வெள்ளிக் கீறல்களை எல்லாப் பக்கமும் தூவினால் பாலைவனத்தில் கிடந்த விமானம் போலிருக்கும். தேய்மானம் காட்ட வேண்டிய இடம் இடது இறக்கை உடலோடு சேரும் பகுதி. காக்பிட் கதவு அந்தப் பக்கம்தான், விமானியும் தரைப் பணியாளர்களும் ஏறி மிதித்தது அங்கேதான். எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகை வெளியேறும்) குழாய்களுக்குப் பின்னால் சாம்பல் கலந்த பழுப்புக் கறையை மிக மெல்லிசாக இழுங்கள்.

இறக்கை முன்விளிம்பில் எட்டு மெஷின் கன்கள். குண்டு போட்டு நிரப்பியதும் அவற்றின் வாயில் துணி ஒட்டி மூடுவார்கள், தூசியும் ஈரமும் புகாமல் இருக்க. முதல் முறை சுட்டதுமே அது கிழியும். உங்கள் விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது என்றால் எட்டுச் சிவப்புத் துணித் துண்டுகளையும் பெயின்டில் காட்டுங்கள். சண்டை முடிந்து திரும்பியது என்றால் வாய்கள் கறுப்பாகத் திறந்திருக்க, இறக்கைக்கு அடியில் புகைக் கறை ஓட வேண்டும். துணியையும் புகையையும் ஒரே இறக்கையில் சேர்த்துக் காட்டாதீர்கள்.